பற்றறி இல்லாத றேடியோ

உள்ளறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பயணப் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்த லீலாதேவியின் கை அப்படியே நின்றது. அது அலுமாரிக் கதவின் சத்தமல்ல. யன்னல் கொளுக்கியின் சத்தமும் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருந்த அந்தச் சின்ன வீட்டின் சத்தங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது எதிலும் சேரவில்லை.

"கஜீபன், என்னடா செய்யிறாய் அங்கை?"

"ஒண்டுமில்லை அம்மா. சப்பாத்துப் போடுறன்."

எட்டு வயதுப் பிள்ளையின் குரலில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. எழுந்து போய்ப் பார்ப்போமா என்று லீலாதேவி நினைத்தாள். அதற்குள் வாசலில் வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவள் போகவில்லை. அந்த விடியலில் வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளையும் மூன்று தரம் சரிபார்த்த லீலாதேவி, பார்க்காமல் விட்டது அந்த ஒரு சத்தத்தைத்தான்.

சரிபார்ப்பது அவளுடைய பிறவிக்குணம் என்று நினைக்க வேண்டாம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் அவளுக்கு ஒட்டிவைத்த குணம் அது. அவளுடைய தகப்பனுக்குக் கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தில் வேலை. தீப்பந்தங்கள் வீதிமுனைக்கு வந்துவிட்டன என்று யாரோ கத்த, இருபத்தொரு வயது லீலாதேவி ஒரு கால் செருப்போடு பின்கதவால் ஓடினாள். அவளுடைய சான்றிதழ்கள் மேசை லாச்சியிலேயே எரிந்து போயின. அன்று அந்தக் குடும்பத்தைத் தன் லொறியின் படங்குக்குக் கீழே படுக்கவைத்து மடவளைக்குக் கொண்டுபோய், ஒன்பது நாள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் ஸெய்னுலாப்தீன். அதற்குப் பிறகு லீலாதேவிக்கு அவர் 'நானா'. சொந்த அண்ணன் ஒருவன் இருந்திருந்தாலும் அவள் அவ்வளவு உரிமையோடு அழைத்திருக்கமாட்டாள்.

இப்போது தொண்ணூற்றேழு. லொறி போய் நானாவிடம் வான் வந்திருந்தது. லீலாதேவிக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். புருஷன் நவரட்ணராஜா கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் வரைபவர். இழுப்பு வருத்தக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"என்ன தங்கச்சி, இன்னும் வெளிக்கிடல்லியா? வெயில் ஏற முந்தி தம்புள்ளையத் தாண்டணும்," என்று நானா வாசலில் நின்று குரல் கொடுத்தார். கையில் ஒரு மஸ்கட் இனிப்புப் பெட்டி. "ஊட்டுல றலியா குடுத்தனுப்பினா. ஒங்கட அக்காவுக்காம்."

லீலாதேவி பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினாள்.

"மஸ்கட்டயும் செக் பண்றீங்களா? செக் பொயின்றில ஆமிக்காரனுக்கு வேலையே இல்லாமப் போகும்!"

"சிரியாதேங்கோ நானா. எனக்கு நெஞ்சு படபடக்குது."

படபடக்காமல் என்ன செய்யும்? அவள் போவது வவுனியாவுக்கு. கூடப் பிறந்த ஒரே அக்கா பத்மாதேவியின் முகத்தைப் பார்த்து ஏழு வருஷம். வீதி மூடி, சண்டை தொடங்கி, அக்கா ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் மகள் தர்சினியோடு வவுனியாவில் ஒரு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேற்றடியில் நின்று சொந்தக்காரரைப் பார்க்கலாமாம்.

போன மாதம் தர்சினி எழுதிய கடிதத்தை லீலாதேவி சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருந்தாள். 'சித்தி, அங்கை இருக்கேக்கை அப்பாவின்ரை சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் கையாலை பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ பாடும். இங்கை சைக்கிளும் இல்லை. பற்றறியும் உள்ளுக்கு விடாங்கள். றேடியோ சும்மா கிடக்குது.'

வாசித்துவிட்டு லீலாதேவி அழுதாள். கஜீபன் அழவில்லை. பிட்டைக் கையில் வைத்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். அதை அவள் கவனிக்கவில்லை.

எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று அவள் நாலு பேரிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, மருந்துக் குளிசை, பற்றறி எதுவும் கூடாது. எல்லாம் சண்டை பிடிக்கும் இயக்கத்துக்குப் போய்ச் சேரும் என்று ஆமிக்குச் சந்தேகம். மூன்று வயது அபி கட்டிப்பிடித்து உறங்கும் பாட்டுப் பாடும் பொம்மையைக்கூட, வயிற்றுக்குள் பற்றறி இருக்கிறது என்று பிடுங்கி அலுமாரியில் பூட்டிவிட்டாள். வான் பாலத்தைக் கடந்து மகாவலி மறையும் வரைக்கும் அபி அந்தப் பொம்மைக்காக அழுதாள்.

"இஞ்சை பாரும் லீலா, எல்லாம் சரிபார்த்தாச்சுத்தானே? கொஞ்சம் சாய்ந்து படும்," என்றார் நவரட்ணராஜா.

"உங்கடை இழுப்புப் பம்ப் எங்கை?"

"சேர்ட் பொக்கற்றிலை."

"அடையாள அட்டை, ஐசி?"

"மற்றப் பொக்கற்றிலை. நீர் கேட்டது இது அஞ்சாம் தரம்."

மாத்தளையில் அபி குமட்டிச் சத்தி எடுத்தாள். தம்புள்ளையில் இறங்கி இடியப்பப் பார்சலைப் பிரித்தார்கள். கஜீபன் மட்டும் இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வானுக்குள்ளேயே இருந்தான்.

"புள்ளைக்குப் பசிக்கலியா?" என்று கேட்டார் நானா.

"இல்லை மாமா. வவுனியா இன்னும் எவ்வளவு தூரம்?"

"கொஞ்சத் தூரந்தான் ஈக்கி. என்ன அவசரம், மாப்பிள்ள?"

கஜீபன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

வவுனியாவுக்கு இருபது மைல் இருக்கையில் அந்தச் சோதனைச்சாவடி வந்தது. மணல் மூட்டைகள், தகரக் கொட்டில், வெயிலில் நீண்ட வரிசை. எல்லோரும் இறங்கினார்கள். பைகள் மேசையில் கொட்டப்பட்டன. அபியின் சட்டைகள், அக்காவுக்கு வாங்கிய சேலை, மஸ்கட் பெட்டி. லீலாதேவி மனதுக்குள் தன் தாளை ஒருதரம் வாசித்தாள். எல்லாம் சரி. எல்லாம் சரி.

இளம் சிப்பாய் ஒருவன் கஜீபனின் பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பென்சில் பெட்டி விழுந்தது. ஒரு சோடிக் காலுறை விழுந்தது. காலுறை விழுந்த சத்தம் காலுறைக்குரிய சத்தமாக இல்லை. அவன் அதை உதறினான். எழுத்து நிறைந்த கொப்பித் தாளில் சுற்றிய மூன்று பெரிய பற்றறிகள் மேசையில் உருண்டன.

அந்தக் கணத்தில்தான் லீலாதேவிக்குக் காலையில் கேட்ட சத்தம் எதுவென்று புரிந்தது. அது அவர்கள் வீட்டு றேடியோவின் பின்மூடி.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் தாளை விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் சொன்னான். 'தர்சினி அக்கா, இனிப் பெடல் சுத்தத் தேவையில்லை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கும் தெரியாது.'

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ! மகனின் கோணல் எழுத்து அங்கே குண்டாக வெடித்தது.

நவரட்ணராஜாவை மட்டும் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு மணித்தியாலம் போனது. நானா தனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையையும் செலவழித்துக் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, மனசைத் திடமா வெச்சிக்கோங்க. சின்னப் புள்ளைட பையில வெச்சு இயக்கத்துக்கு அனுப்புறது பழைய வேலை எண்டு ஆமிப் பெரியவர் சொல்றார். இவர், 'இது எங்கட வீட்டு றேடியோவில ஈந்தது, புள்ள தெரியாம எடுத்திட்டான்' எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். 'அப்ப அந்த றேடியோ இப்ப வெறுமையா ஈக்கணும், ஆள் அனுப்பிப் பாப்போம்' எண்டு பெரியவர் சொல்லிட்டார். பாத்து உண்மையெண்டா விடுவாங்களாம்."

"பொய்யெண்டு சொன்னால்?"

நானா நிலத்தைப் பார்த்தார். "கொழும்புக்கு அனுப்புவாங்களாம்."

கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்களில் வருஷக்கணக்காகத் திரும்பாதவர்களின் பெயர்களை லீலாதேவி விரல்விட்டுச் சொல்லுவாள். கொட்டில் யன்னலால் நவரட்ணராஜா ஒருதரம் எட்டிப் பார்த்தார். சேர்ட் பொக்கற்றைத் தொட்டுக் காட்டினார். பம்ப் இருக்கிறது, பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். வானைக் கண்டிப் பக்கம் திருப்பச் சொன்னார்கள்.

இருபது மைலுக்கு அப்பால், முகாம் கேற்றடியில், காலையிலிருந்து ஒரு அக்கா காத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் லீலாதேவி முதலில் செய்தது றேடியோவைத் திறந்து பார்த்ததுதான். உள்ளே மூன்று வெறும் குழிகள். மூடியை மூடி, அதை உள்ளறை மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். இனி அந்த வெறுமைதான் அவளுடைய தாலி. அதை அவள் சாமிப்படத்தைப் போலக் காத்தாள். தூசி தட்டக்கூடக் கை வைக்கவில்லை.

திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாய் யாரும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடினாள். பொலிசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த நானா, "கடதாசி வந்து சேரல்லியாம்," என்றார்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, இரவு முறை போகிறவள். கையில் நீளமான மூன்று பற்றறி ரோச் லைற், வாயில் எந்நேரமும் வெற்றிலை.

"ஏன் தங்கச்சி இப்படி இருண்டு போயி உக்காந்திருக்கீங்க? நியூஸாச்சும் கேளுங்க. நம்ம டார்ச்சுல இருந்து எடுத்துத் தாரேன், ரேடியோவுல போடுங்க."

"வேண்டாம் அக்கா!" லீலாதேவி அலறியே விட்டாள். "அந்த றேடியோவை ஒருத்தரும் தொடக்கூடாது."

ஏன் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஜீபனுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் சோதனைச்சாவடியிலிருந்து திரும்பிய நேரம் தொட்டு அவள் மகனோடு ஒரு சொல் பேசியிருக்கவில்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை. "அபி, அண்ணாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அபி, அண்ணாவைக் குளிக்கச் சொல்லு." தாயும் மகனும் எதிரெதிரே இருக்க, நடுவில் மூன்று வயதுக் குழந்தை தூது போனது. அம்மாவின் அந்தப் பேசாத முகத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை நாளுக்கு நாள் சுருங்கிப் போனான். நான் எடுத்ததால்தானே அப்பா போனார்? அவனுடைய சின்னத் தலைக்குள் அந்த ஒரு கேள்வியே சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு பொலிஸ் சார்ஜன் நின்றார். நடுத்தர வயது, நரைத்த மீசை, கக்கத்தில் ஒரு தடித்த கொப்பி.

"நவரட்ணராஜா வீடு?" தமிழில் கேட்டார். உடைந்த தமிழ், ஆனால் விளங்கக்கூடிய தமிழ்.

"ஓம் சேர். வாங்கோ. இருங்கோ." லீலாதேவி கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ரேடியோ பார்க்க வந்தது."

அவள் வாயைத் திறப்பதற்கு முன், உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

'டக்.'

ஐந்து நாளாக அவள் கனவிலும் கேட்ட சத்தம். இந்த முறை அவளுக்கு அது எதுவென்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கடவுளே! அவள் உள்ளே ஓடினாள். மேசைக்கு முன்னால் கஜீபன் நின்றான். ஐந்து நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அம்மா, நான் திருப்பி வைச்சிட்டன். இனி அப்பாவை விடுவினம் என்ன?"

றேடியோவைத் தூக்கினாள். கனத்தது. வெறும் றேடியோவின் பாரம் அவளுடைய கைக்குத் தெரியும். மூடியைத் திறந்து பற்றறிகளை வழித்தெடுத்து யன்னலுக்கு வெளியே எறிந்துவிட விரல்கள் துடித்தன. ஆனால் சார்ஜன் அதற்குள் உள்ளறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"கொண்டு வாங்க."

அவர் றேடியோவைக் கதிரையில் கவிழ்த்து வைத்து மூடியைக் கழற்றினார். மூன்று குழிகள், மூன்று பற்றறிகள். அதுவரை சாதாரணமாக இருந்த முகம் இறுகியது.

"இருக்குத்தானே," என்றார். "உங்க மாத்தயா, நவரட்ணராஜா, வெறும் ரேடியோ சொன்னது. இது வெறும் இல்லை."

"சேர், இப்பத்தான், இந்த நிமிஷம்தான் பிள்ளை..." லீலாதேவிக்குத் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தாள். "என்ரை பிள்ளையாணை சேர், காலமை வரைக்கும் அது வெறுமைதான்."

"பொலிஸ் வந்தா எல்லாரும் பிள்ளை மேலே சத்தியம் பண்றது." சார்ஜன் கொப்பியைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் இழுத்தார். அந்தப் பேனா தாளில் தொடப்போகும் இடத்தையே லீலாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முனையில் அவளுடைய புருஷனின் உயிர் நின்றது.

"லீலாம்மா! ஏ லீலாம்மா!" பின்வளவிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வேலியைத் தாண்டி வந்தது. அதற்குப் பின்னால் ஆளும் வந்தாள். "ஒங்க மகன் நம்ம வீட்டுப் பக்கம் வந்தான்ல? அரை மணி முன்ன குசினியில நின்னான், வெல்லம் கேக்க வந்தான்னு நெனச்சேன். இப்ப டார்ச்சைத் தட்டுறேன், தட்டுறேன், எரியமாட்டேங்குது. தெறந்து பாத்தா வெத்துக் குழாய்!"

பொலிஸ் உடுப்பைக் கண்டதும் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

சார்ஜன் தலையை நிமிர்த்தினார். "என்ன வெத்து?"

"டார்ச்சுங்க, சார்." பேச்சியம்மா ரோச்சை நீட்டினாள். பின்மூடி கழன்று தொங்கியது. அவர் வாங்கிக் கண்ணருகே வைத்து உள்ளே பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு றேடியோவைப் பார்த்தார்.

"மூணு பெட்டரி?"

"மூணுதாங்க. இதுல இருக்கிறது நம்ம பெட்டரிதாங்க சார், வேணும்னா அடியில பாருங்க. பேக்டரியில ராத்திரி ஆளாளுக்குப் பழசைப் போட்டுட்டுப் புதுசை எடுத்துக்கிருவாங்க. அதுனால வாங்கின அன்னிக்கே அடியில சுண்ணாம்பு வச்சிருவேன்."

சார்ஜன் முதலாவது பற்றறியை எடுத்துத் திருப்பினார். அடியில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புப் புள்ளி. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதைப் பிள்ளை தலைகீழாகப் போட்டிருந்தான். அதையும் எடுத்து நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது.

அபி அலுமாரியிலிருந்து திரும்பக் கிடைத்த பொம்மையின் கையைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா," என்றார் சார்ஜன்.

கஜீபன் வந்தான்.

"இது நீ போட்டது?"

"ஓம்."

"ஏன்?"

"நான்... நான் எடுத்தபடியால்தானே அப்பாவைப் பிடிச்சவை. திருப்பி வைச்சால் சரியாயிடும் எண்டு."

"முந்தி ரேடியோவில இருந்தது?"

"அது நான் தர்சினி அக்காவுக்கு எடுத்தது. அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது." அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது உடைந்தது. "அப்பாவுக்கு இழுப்பு வரும், சேர். நான் எடுத்தனான். என்னைக் கொண்டு போங்கோ."

லீலாதேவி வாயைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டாள். பேச்சியம்மா, "ஐயோ சாமி, ரெண்டு பெட்டரிக்கு இம்புட்டுக் கதையா!" என்று தலையில் கை வைத்தாள். மூன்று பற்றறி என்று யாரும் அவளைத் திருத்தவில்லை.

சார்ஜன் றேடியோவை நிலத்தில் இறக்கிவைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் எழுதினார். பக்கத்தைத் திருப்பி இன்னும் எழுதினார். பேச்சியம்மாவிடம் பெயர் கேட்டு, கையெழுத்துக் கேட்டு, அவள் பெருவிரலை நீட்ட, அதையும் பதிந்துகொண்டார். பிறகு மூன்று பற்றறிகளையும் ரோச்சுக்குள் போட்டு, மூடியைத் திருகி, சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார். றேடியோவின் மூடியை மட்டும் பூட்டவில்லை. திறந்தபடியே மேசையில் வைத்தார்.

"சேர், இவரை விடுவினமோ?" அதைக் கேட்க லீலாதேவிக்கு இருந்த பலம் எல்லாம் தேவைப்பட்டது.

"நான் பார்த்தது எழுதினது. இன்னைக்கே ரேடியோ மெசேஜ் போடுறேன். நாளைக்கு இல்லாட்டி திங்கள்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று கஜீபனைத் திரும்பிப் பார்த்தார். "அப்பா வரும் வரைக்கும் அதுக்குள்ள ஒண்ணும் போட வேண்டாம். சரியா?"

கஜீபன் தலையாட்டினான்.

சைக்கிள் ஸ்ராண்ட் தட்டப்படும் சத்தம் கேட்டது. சார்ஜன் ஒழுங்கையில் இறங்கிப் பாலத்தடிப் பக்கம் திரும்பினார். பேச்சியம்மாவும் ரோச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்வளவால் முணுமுணுத்தபடி போய்விட்டாள். நாளைக்கா, திங்களா? பொக்கற்றிலிருக்கும் பம்ப் அதுவரைக்கும் போதுமா? லீலாதேவிக்குத் தெரியாது. அவள் இன்னும் நிலத்திலேயே இருந்தாள். திறந்த வாசலால் வெயில் உள்ளே வந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், அம்மா தன்னைப் பார்க்கமாட்டாள் என்று தெரிந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கஜீபன் நின்றான்.

அபி வழக்கம்போல அம்மாவின் வாயைப் பார்த்தாள், அண்ணாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று.

"கஜீபன்," என்றாள் லீலாதேவி. "அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வாடா, ராசா."

அவன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான்.